நல்ல கால் என்று நாம் சொல்லிவந்த கால்

மேலூர், கொட்டாம்பட்டி, திருவாதவூர் பக்கத்து ஊர்களில் 1960-களிலும் 70-களிலும் பிறந்து, சிறு குழந்தையாக இருக்கும்போதே இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர்கள் இப்போது ஐம்பதைக் கடந்துகொண்டிருக்கிறோம். எங்களில் பலர் சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான தொல்லைகளைச் சொல்லிவருகிறோம். முன்பு ஏறிய மாடிப்படியை இப்போது ஏற முடியவில்லை. இத்தனை காலம் உடம்பைச் சுமந்த நல்ல காலில் திடீரென்று முட்டி மடிகிறது. மதியத்துக்கு மேல் கைகால் ஓய்ந்துபோகிறது. மார்கழியில் பாதம் சில்லிட்டு நீலம் பாரிக்கிறது. இவற்றைச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போனால், "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும், நல்லா நடங்க" என்று வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வயது ஒரு காரணம்தான் என்றாலும், இந்தத் தொல்லைகளுக்குப் போலியோவுக்குப் பிந்தைய நோய்த்தொகுப்பு என்று மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மறுவாழ்வுச் சிகிச்சை இருக்கிறது, அது பலனும் தருகிறது. அந்தப் பலனைப் பெற்றவன் என்ற முறையில், என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மேலூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். 1968-இல் பிறந்தேன். இரண்டு வயது நிறைவதற்குள் காய்ச்சல் வந்து வலது கால் விளங்காமல் போயிற்று. "காய்ச்சலுக்கு இடுப்புல ஊசி போட்டாக, விடிஞ்சு பாத்தா காலு தொவண்டு கெடந்துச்சு" என்று என் தாயார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வட்டாரத்தில் என் வயதுக்காரர் பலருடைய தாய்மாரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். ஊசி போலியோவைக் கொண்டுவருவதில்லை. ஆனால் வைரஸ் ஏற்கெனவே உடம்பில் புகுந்துவிட்ட குழந்தைக்குத் தசையில் ஊசி போட்டால், ஊசி பட்ட உறுப்பையே வாதம் தாக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. அந்தத் தாய்மார்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். பிள்ளையை ஊசி போடத் தூக்கிப்போன குற்றவுணர்வோடு வாழ்ந்து முடிந்த அவர்களுக்கு இதை யாராவது விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.

அன்று எங்கள் ஊரில் கிடைத்த சிகிச்சை, ஆற்று மணலில் குழி தோண்டி இடுப்பளவுக்குப் புதைத்து நிற்கவைப்பதும், எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிடுவதுமே. பத்து வயது வாக்கில் இரும்புக் கம்பியும் தோல்வாருமாக, காலைத் தாங்கும் காலிப்பர் ஒன்று கிடைத்தது. வளர்ந்த கால் அதற்குள் அடங்காமல் போனபோது மாற்றித் தருவார் இல்லை. அதன் பிறகு, வலது கையை வலது தொடைமேல் ஊன்றி, முட்டியைப் பின்னுக்குத் தள்ளி நடக்கும் நடையில்தான் படித்தேன், தொழில் கற்றேன், குடும்பம் நடத்தினேன். நம் நாட்டுத் தெருக்களில் எல்லாரும் பார்த்திருக்கும் நடை அது. தொடையின் முன்பக்கத் தசை செத்துப்போனால், உடம்பின் பாரம் இறங்கும்போது முட்டி மடிந்துவிடும். அதை மடியவிடாமல் தடுக்கிற வேலையைக் கை எடுத்துக்கொள்கிறது.

நாற்பத்தெட்டாவது வயதை ஒட்டி இடது காலில் மாற்றம் தெரிந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே இடது முட்டி இளகி நின்றது. பத்திர அலுவலகத்தின் வாசற்படிகளைக் கைப்பிடி இல்லாமல் ஏற முடியவில்லை. பார்த்த மருத்துவர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். நடக்க நடக்கப் பலவீனம் கூடியது. பிறகு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குச் சென்றேன். அங்கேதான் முதன்முதலாக ஒரு மருத்துவர் வலது காலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இடது காலையும் இரண்டு கைகளையும் நெடுநேரம் சோதித்தார். ஒவ்வொரு தசையையும் தம் கையால் அழுத்தி, எதிர்த்துத் தள்ளச் சொல்லி, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டார். இடது தொடைக்கு அவர் போட்டது நான்கு.

அதற்கு அவர் தந்த விளக்கத்தை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். போலியோ வைரஸ் தசையைத் தாக்குவதில்லை. தண்டுவடத்தின் முன்பகுதியில் இருந்துகொண்டு தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. ஒரு நரம்பணு செத்தால், அது இயக்கிவந்த தசையிழைகள் கேட்பாரற்றுப் போகின்றன. பிழைத்திருக்கும் அண்டை நரம்பணுக்கள் புதுக் கிளைகளை விட்டு அந்த இழைகளையும் இயக்கத் தொடங்குகின்றன. எங்கள் பெரியாறு பாசனத்தில், பக்கத்து மடை அடைபட்டுப்போனால் அந்த வயல்களுக்கும் சேர்த்து ஒரே மடையில் தண்ணீர் விடுவதைப் போன்றது இது. துவண்டு கிடந்த குழந்தை ஓரிரு ஆண்டுகளில் எழுந்து நடப்பதற்கு இதுதான் பெருங்காரணம். ஆனால் அந்த நரம்பணு தன் பங்கைவிடப் பல மடங்கு இழைகளை முப்பது, நாற்பது ஆண்டுகள் இயக்கிக்கொண்டே இருக்கிறது. காலப்போக்கில் அத்தனை கிளைகளையும் பேண முடியாமல் ஒவ்வொன்றாக இழக்கிறது. புதிய பலவீனமும் களைப்பும் அங்கிருந்துதான் வருகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பழைய வைரஸ் திரும்ப வந்துவிட்டது என்று பொருளில்லை. வீட்டில் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று என் மனைவி அஞ்சியதைப் போலப் பலரும் அஞ்சுகிறார்கள், அது ஒட்டாது.

இதில் எங்களைப் போன்றவர்கள் அறியவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. ஒரு தசைக்குரிய நரம்பணுக்களில் ஏறக்குறைய பாதி அழிந்தாலும் அந்தத் தசை வெளிப்பார்வைக்குப் பலமாகவே தெரியும். நாம் நல்ல கால் என்று சொல்லிவந்த காலையும் வைரஸ் அன்றே தொட்டிருக்கக்கூடும். பாதிக் கையிருப்போடு, இரண்டு கால்களின் வேலையை ஐம்பது ஆண்டுகள் செய்த கால் அது. ஆகவே எங்கள் மறுவாழ்வு, மெலிந்த காலை மட்டும் பார்த்துச் செய்யக்கூடிய காரியமன்று. முதலில் காப்பாற்ற வேண்டியது நல்ல காலையும் கைகளையும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. குழந்தையில் போலியோ வந்து, தோல் பதனிடும் கடின வேலை செய்துவந்த 19 வயது இளைஞருக்குப் புதிய பலவீனம் தோன்றியதை 1875-லேயே பிரான்சில் பதிவு செய்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிய உழைப்பு காரணமாக இருக்கலாம் என்று அப்போதே நரம்பியல் அறிஞர் ஷார்கோ கருதினார். பிறகு ஒரு நூற்றாண்டு காலம் அது பெரிதாகப் பேசப்படவில்லை. மேலை நாடுகளில் போலியோ கொள்ளைநோயாகப் பரவிய காலத்துக் குழந்தைகள் நடுவயதை எட்டியபோதுதான், 1984-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸில் இதற்கென்று பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலும் இதற்கு ஜி 14 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. நம் ஊரில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு, இயற்கையாகப் பரவும் காட்டு வைரஸால் வரும் போலியோ இல்லை. இந்தியாவில் அந்த வைரஸால் கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பாதிக்கப்பட்டது. 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இது பெரிய வெற்றி, அதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. அதே சமயம், இன்று பயிற்சி முடித்து வரும் இளம் மருத்துவர்களில் பெரும்பாலோர் போலியோ நோயாளி ஒருவரையும் படுக்கையில் பார்த்ததில்லை. நாம்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

புதிய பலவீனம் எல்லாமே போலியோவால்தான் வருகிறது என்று நாமாக முடிவுகட்டவும் கூடாது. இதை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகே இந்த முடிவுக்கு வருகிறார்கள். சர்க்கரை, தைராய்டு, இரத்தச்சோகை, பி12, டி வைட்டமின் குறைவு, இடுப்பு முதுகெலும்பில் நரம்பு நெருக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எனக்கு டி வைட்டமின் மிகக் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்ததிலேயே உடம்பு வலியில் ஒரு பங்கு போயிற்று.

சிறு வயதிலிருந்து எங்களுக்கு ஊட்டப்பட்ட பாடம், முயன்றால் முடியும் என்பது. வலித்தாலும் நட, விழுந்தாலும் எழு என்று வளர்த்தார்கள்; அப்படி வளர்த்ததால்தான் பள்ளிக்கூடம் போனோம், நான்கு பேர் மதிக்க ஒரு தொழிலில் உட்கார்ந்தோம். அந்தப் பாடத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது வயதில் அதே பாடம் உடம்பைக் கெடுக்கிறது. எனக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயதுப் பெண், முதல் நாளே என்னிடம் சொன்னார்: "ஐயா, இனிமே வலி வந்த பிறகு உட்காராதீங்க, வலி வர்றதுக்கு முன்னாடியே உட்காருங்க." கேட்க எளிதாக இருந்த அந்த ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் எனக்கு நெடுங்காலம் பிடித்தது. எங்கள் தலைமுறைக்கு உட்காருவது தோற்றுப்போவதாகவே மனத்தில் பதிந்திருக்கிறது.

உடற்பயிற்சியை அவர் விட்டுவிடச் சொல்லவில்லை. அளந்து செய்யச் சொன்னார். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கவே முடியாத தசையை, அதாவது மூன்று மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ளதை, பலப்படுத்த முயல்வது வீண்; மூட்டு இறுகாமல் இருக்க அதை மெதுவாக நீட்டி மடக்கினால் போதும். மூன்றும் அதற்கு மேலும் உள்ள தசைகளுக்கு, பாரம் குறைவாக, தடவைகள் குறைவாக, நடுநடுவே ஓய்வு விட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சி. அளவு கூடிவிட்டதா என்று அறியும் வழி இது: பயிற்சி செய்த களைப்போ வலியோ மறுநாள் காலையிலும் இருந்தால் அது அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். தசையில் தோலுக்கடியில் துடிப்பு ஓடினாலும், புதிதாகக் குறக்களி பிடித்தாலும் அப்படியே. நீரில் செய்யும் பயிற்சி மிக நல்லது, ஏனென்றால் உடம்பின் பாரத்தை நீர் தாங்கிக்கொள்கிறது. சிறுவனாக இருந்தபோது கிணற்றில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக நான் நீந்தியதற்கும் அதுதான் காரணம். ஆனால் குளிர்ந்த நீர் எங்கள் தசைகளுக்கு ஆகாது. குளிரில் பலம் குறைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீரும், பாதுகாப்பாக இறங்கி ஏறும் வசதியும் உள்ள குளம் அருகில் கிடைப்பவர்கள் விட்டுவிட வேண்டாம்.

இனிக் காலிப்பர். இதைப் பற்றிச் சற்று நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்களில் மிகப் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதைத் தூக்கி எறிந்தவர்கள். மறுபடியும் அணிவதை மானக்கேடாக நினைப்பவர்கள். முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி நடக்கும்போது, ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பின்புறத் தசைநார்கள் இழுபடுகின்றன. நாற்பது ஆண்டுகளில் அந்த மூட்டு பின்பக்கமாக வளைந்தே போய்விடுகிறது; பிறகு வலி, அதன் பிறகு நிற்கவே முடியாத நிலை. தொடை முதல் பாதம் வரையிலான காலிப்பர் இதைத் தடுக்கிறது, தொடையில் ஊன்றும் கையை விடுவிக்கிறது, நல்ல காலின் சுமையைக் குறைக்கிறது. இன்றைய காலிப்பர் பழைய இரும்புக் கூண்டு அன்று. காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அந்த அச்சின்மேல் பாலிபுரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்துச் செய்கிறார்கள். எடை குறைவு, வேட்டிக்கும் பேண்டுக்கும் உள்ளே அடங்கும், சாதாரணச் செருப்பும் ஷூவும் போட முடியும். கார்பன் இழையில் செய்தது இன்னும் இலேசு, விலை மிக அதிகம்.

என் காலிப்பரின் முட்டியில் இருபுறமும் ஒரு சிறு உலோக வளையம் இருக்கிறது. எழுந்து காலை நேராக நீட்டியதும் அது தன் எடையிலேயே நழுவி இறங்கி, 'டிக்' என்று மூட்டைப் பூட்டும். உட்காரும்போது இரண்டு வளையங்களையும் விரலால் மேலே தூக்கிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் என் பேண்டு அந்த இடத்தில்தான் கிழிந்தது. உள்பக்கமாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்த பிறகு நிற்கிறது. இரண்டு 'டிக்' ஓசையும் காதில் விழாமல் ஓரடிகூட எடுத்துவைக்கக் கூடாது என்பதை அணிபவர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் விழுவது நிச்சயம். பூட்டு இல்லாமல், கீல் முட்டியின் அச்சுக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருப்பதால் நிற்கும்போது தானாகவே நிலைக்கும் வகையும் உண்டு. அது யாருக்குப் பொருந்தும் என்பது இடுப்புத் தசையின் பலத்தையும் முட்டி எவ்வளவு நீள்கிறது என்பதையும் பொறுத்தது.

மதுரை வெயிலில் பிளாஸ்டிக்கை உடம்போடு ஒட்டி அணிவது துன்பம்தான், மறைக்கத் தேவையில்லை. உள்ளே நீளமான பருத்திக் காலுறை அணிவதும், மதியம் ஒரு முறை கழற்றித் துடைத்து உலரவைப்பதும், மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் வைத்திருப்பதும் எனக்குக் கைகொடுக்கின்றன. கழற்றியதும் தோலில் சிவந்த தடம் இருப்பது இயல்பு. அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம், கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும். போலியோவில் தொடுவுணர்வு போவதில்லை என்பது இதில் நமக்கு ஒரு நன்மை. வலித்தால் சகித்துக்கொண்டு நடக்காமல் தொழில்நுட்பரிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒரே முறையில் சரியாக அமைந்த காலிப்பரை நான் கேள்விப்பட்டதில்லை.

கணுக்காலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பலருக்குக் குதிகால் தரையில் படாமல் முன்பாதம் ஊன்றியபடி இறுகியிருக்கும். பார்ப்பதற்கு அது குறையாகத் தெரிந்தாலும், தொடைத் தசை இல்லாதவருக்கு அந்த இறுக்கம்தான் முட்டியைப் பின்னே தள்ளி நிலைநிறுத்துகிறது. அதைக் கவனிக்காமல் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் நாணை நீட்டி அறுவை செய்துவிட்டால், பாதம் அழகாகத் தரையில் படும், முட்டி மடிந்துவிடும். ஷூவின் அடியை உயர்த்துவதும் இப்படியே. குட்டையான காலின் குறைவை முழுவதும் ஈடுகட்டாமல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைத்தே வைப்பார்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் பலமில்லாத கால் தரையில் இடறாமல் முன்னே வர முடியும். ஐம்பது ஆண்டுகளாக உடம்பு தானே கண்டுபிடித்துவைத்த ஏற்பாடுகளை அலசிப் பார்க்காமல் கலைக்கக் கூடாது.

கைகளுக்கு வருகிறேன். தொடையில் ஊன்றும்போது மணிக்கட்டு பின்னுக்கு மடங்கி, உடம்பின் பாரம் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்குகிறது. அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, எனக்குக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போயின. பேனா பிடிப்பவனுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, பகலில் காலிப்பர் என்று மாறிய பிறகு மரப்பு பெரும்பாலும் அடங்கியது. கைத்தடியை இப்போது இடது கையில் பிடிக்கிறேன். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில்தான் தடி இருக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பின் பாரம் சமப்படும். அக்குளில் தாங்குகட்டை வைப்பவர்கள் பாரத்தைக் கைப்பிடியில் இறக்க வேண்டும், அக்குளில் தொங்கக் கூடாது; அங்கே நரம்பு நசுங்கினால் மணிக்கட்டே தூக்க முடியாமல் தொங்கிவிடும். தோள்மூட்டு தேய்ந்துபோன தாங்குகட்டைக்காரர்கள் நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலிக்கு மாறுவது மிக நல்லது. எனக்குத் தெரிந்த உசிலம்பட்டித் தையற்கார அம்மா ஒருவர், மிதித்து ஓட்டிய இயந்திரத்தில் மோட்டார் பொருத்திக்கொண்டார். மிதித்து மிதித்து ஓய்ந்த அவருடைய நல்ல கால் சில மாதங்களில் படியேறும் அளவுக்குத் தேறியது.

என் வேலையிலும் அப்படிச் சில மாற்றங்களைச் செய்தேன். 2018-இல் பதிவுத்துறையில் ஸ்டார் 2.0 என்ற இணையவழிப் பதிவு முறை வந்ததிலிருந்து பத்திரங்கள் கணினியில்தான் தயாராகின்றன. டோக்கன் நேரமும் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. இது எனக்குப் பெரிய வசதி. முகூர்த்த நாள்களில் கூட்டம் மிகும் என்பதால், அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் வேலையைப் பாதியாக வைத்துக்கொள்கிறேன். பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்களை நான் தேடிப் போகாமல் அவர்கள் என் மேசைக்கு வரும்படி ஏற்பாடு. நாற்காலியின் உயரத்தை முட்டியைவிடச் சற்று உயர்த்தினேன். தாழ்ந்த இருக்கையிலிருந்து ஒவ்வொரு முறை எழுவதும் இடது தொடையின் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் நீட்டிப் படுக்க ஒரு பெஞ்சு. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, பக்கத்தில் சுவரோடு பதித்த கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க முக்காலி, வழுக்காத தரை விரிப்பு. வண்டி, பின்னால் இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தில் நின்று பார்த்த காலம் உண்டு. இப்போது அதற்கு முந்திய நாள் அழகர்கோயில் சாலையில் எதிர்சேவைக்கு வரும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

விழுவதைப் பற்றி எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். மெலிந்த காலில் எலும்பும் மெலிந்தே இருக்கிறது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போகும் விழுகை நமக்குத் தொடை எலும்பு முறிவாக முடியும். எலும்படர்த்திப் பரிசோதனை எடுக்கும்போது பலமான காலின் இடுப்பை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாமல், போலியோ காலின் இடுப்பையும் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முறிந்துபோனால், நெடுநாள் படுக்கையில் கிடப்பது நம் தசைகளுக்குப் பேரிழப்பு. எவ்வளவு விரைவில் எழுப்பி உட்காரவைக்க முடியும் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

அறுவை சிகிச்சை எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் போலியோ வந்ததை முன்கூட்டியே சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் மருந்துகளும் தூக்க மருந்துகளும் நம் உடம்பில் மற்றவர்களைவிட அதிகமாக வேலை செய்யக்கூடும். மூச்சு இயல்புக்குத் திரும்பவும் நேரமாகலாம். அறுவை அரங்கின் குளிரும் நம்மைப் பாதிக்கும். எனக்குக் குடலிறக்க அறுவை செய்தபோது முன்னதாகவே எழுதிக்கொடுத்திருந்ததால், மருந்தின் அளவைக் குறைத்து, கம்பளி போர்த்தி, இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். எந்தச் சிக்கலும் இல்லை. குழந்தையில் மார்புத் தசைகள் பாதிக்கப்பட்டவர்களும் முதுகு கூனியவர்களும் மூச்சைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காலையில் எழும்போதே தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். மூச்சுத் தசை தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது காற்றை உள்ளே தள்ளித் தரும் கருவி. ஆக்சிஜன் மட்டும் கொடுப்பது கரியமிலவாயு தேங்குவதை மறைத்து ஆபத்தாகிவிடலாம். இவற்றை அரைப் பக்கத்தில் எழுதி அடையாள அட்டையோடு பணப்பையில் வைத்திருக்கிறேன். நினைவு தப்பிய நிலையில் நம்மைத் தூக்கிச் செல்பவர்களுக்கு வேறு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மறுவாழ்வு மருத்துவம் நமக்கு அந்நியமான துறை அன்று. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக உதவி உபகரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். செயற்கை உறுப்புகள் செய்யும் அரசு நிறுவனமான கான்பூர் அலிம்கோவின் அளவெடுக்கும் முகாம்களும் அவ்வப்போது நடக்கின்றன. முகாமில் காலிப்பர் வாங்குபவர்கள், அளவெடுத்துப் போனவர் அணிவித்துப் பார்க்கவும் வருவாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பொருந்தாமல் பரண்மேல் கிடக்கும் காலிப்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு நாடு முழுவதும் செல்லும் அடையாள அட்டை தரப்படுகிறது. இருபது வயதில் எழுதிய ஊனச் சதவீதம் இன்றைய நிலையைக் காட்டாது என்று தோன்றினால் மறுமதிப்பீடு கேளுங்கள். கேட்கும்போது நல்ல காலிலும் கையிலும் வந்திருக்கும் புதிய பலவீனத்தை மருத்துவர் எழுத்தில் தரும்படி பாருங்கள்.

முதல் முறை மறுவாழ்வுப் பிரிவுக்குப் போகிறவர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்ய முடிந்து இன்று முடியாமல் போன காரியங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை படி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது என்பதுபோல. வெறும் "முடியலை" என்ற சொல்லைவிட அது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். பழைய காலிப்பர் எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துப் போங்கள். தேய்ந்துபோன செருப்புகளைத் தூர எறியாமல் இரண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே பாரம் எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். தொடைவரை மடக்க வசதியாகத் தளர்ந்த உடை அணிந்து, காலை முதல் ஆளாகப் போவது நல்லது. வரிசையில் நின்று களைத்த பிறகு சோதித்தால் தசைகளுக்கு மதிப்பெண் குறைந்துவிடும். நடையைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது, அன்றாடம் வீட்டில் எப்படி நடக்கிறீர்களோ அப்படியே, கையை ஊன்றியே நடந்து காட்டுங்கள்.